ஊருக்குக் கிளம்பும் முன் சித்தியிடம் பேசுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். 1972-ல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தார். அதற்கப்புறம் கல்யாணம், சாவு என்றால் காலையில் போய் ராத்திரி திரும்புவதோடு சரி. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சுதான். மறதியும் வந்திருக்கிறது. டிமென்ஷியாவின் ஆரம்பம் என்கிறார் டாக்டர். சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. மே மாத லீவில் அவரையும் பிள்ளைகளையும் (பையனுக்கு 14, பெண்ணுக்கு 9) கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் சித்தப்பா வீட்டில் தங்கலாம் என்று நினைக்கிறேன். "பழைய வீடே இல்ல, ஏரி பூரா முள்ளு. பார்த்தா அப்பா உடைஞ்சுபோயிடுவார்" என்கிறான் அண்ணன். "சொந்தக்காரங்க வீட்ல ஒரு வாரமெல்லாம் தங்கக் கூடாது, ரெண்டு நாள் போதும்" என்கிறார் என் கணவர். அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒடுகத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போகலாமா? எப்படிப் போவது? அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அப்பா சொன்னால் என்ன செய்வது?
வாசகி, அம்பத்தூர்

பதில்:

போங்கள். ஒரு வாரமே போங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம்.

வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி தொடங்கிவிட்டால் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சர்வசாதாரணம். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. கேட்டுக் குடிக்க மாட்டார்கள், உடம்பு வற்றிக்கொண்டே போகும். மறதி உள்ளவருக்கு உடம்பில் நீர் குறைந்தால் ஒரே நாளில் குழப்பம் பல மடங்கு ஏறிவிடும். நேற்றுவரை பேரனை அடையாளம் தெரிந்தவர் இன்று "யார் இந்தப் பையன்?" என்பார். ஊருக்குக் கூட்டி வந்ததால்தான் இப்படி ஆனது என்று வீடே உங்கள்மேல் பாயும். தண்ணீர் கொடுக்காததுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டு லீவுக்குத் தள்ளிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் ஏரியில் தண்ணீர் நிற்கும், கழனி பச்சையாக இருக்கும். ஊரைப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. பொங்கலுக்குப் போகலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். பொங்கலில் சித்தப்பா வீட்டுக்கு அவர்கள் வேலையே தலைக்குமேல் இருக்கும். அதைத் தொடர்ந்து அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் மாடு விடும் திருவிழா. பதினாலு வயதுப் பையனைத் தெருவுக்குள் இறங்காமல் பிடித்து வைப்பது உங்களால் ஆகிற காரியமில்லை.

மே மாதத்தை விடுவதில் ஒரே ஒரு நஷ்டம் உண்டு. வட ஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து கோடையில்தான் நடக்கும். உங்கள் ஊரிலும் வைப்பார்கள் என்றால், கூத்தின் முடிவில் துரியோதனன் விழும் படுகளத்துக்கு மட்டும் அப்பாவை ஒரு நாள் தனியாகக் கூட்டி வாருங்கள். நிழலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அதை இந்த ஒரு வாரத்தோடு சேர்க்க வேண்டாம்.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். வீடு இல்லை, ஏரியில் முள் என்பதெல்லாம் நடந்தது. அப்பா உடைந்துபோவார் என்பது அண்ணனுடைய பயம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். முன்கூட்டியே தெரியாமல் போய் வெட்டவெளி மனையின் எதிரில் நின்றால் யாருக்கும் அதிர்ச்சிதான். தெரிந்துகொண்டு போனால் கோபப்படுவார், கொஞ்சம் அழுவார், அப்புறம் பேச ஆரம்பிப்பார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சித்தப்பா மகனிடம் சொல்லி வாட்ஸாப்பில் படங்கள் வாங்குங்கள். வீடு இருந்த இடம், ஏரிக்கரை, பள்ளிக்கூடம், கோயில், தெருமுனை. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டாதீர்கள். காபி குடிக்கும் நேரத்தில் ஒரு படம் போதும். ஏரியில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்த்து "எவன்டா இப்படி விட்டான்?" என்று கத்தினால் நல்லது. அந்தக் கோபம் அம்பத்தூர் வீட்டிலேயே பாதி தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் அண்ணனுக்குச் சொல்லுங்கள். மனிதருக்குப் பத்து வயதிலிருந்து ஏறக்குறைய முப்பது வயது வரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அடர்த்தியாக மனதில் தங்கும் என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. மறதிநோய் முதலில் அரிப்பது நேற்று நடந்ததை, போன வாரம் நடந்ததை. உங்கள் அப்பா 1972 வரை ஊரில் இருந்தவர். ஆக, இன்று அவரிடம் கெட்டியாக மிச்சமிருக்கும் சொத்தே அந்த ஊர்தான். சென்னை வீட்டில் காலையில் மாத்திரை போட்டோமா என்று தடுமாறுகிறவர், அங்கே போனால் யாருடைய கொல்லைக்கு எந்த வரப்பு வழியாகப் போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்வார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கும். ஒரு மனிதரைப் பத்து வயது குறைத்துக் காட்ட அது போதும்.

ஆனால் எந்த இடம் அவரைப் பேச வைக்கும் என்று நீங்கள் முன்கூட்டியே பட்டியல் போட முடியாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவைக் கண்ணமங்கலம் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கூட்டிப் போனது. படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டினார்கள், "ம்" என்றார். கோயிலைக் காட்டினார்கள், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்பும் வழியில் யாரோ ஒருவருடைய பாழடைந்த கிணறு. அதன் விளிம்பில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்துக் கல்தூண் இரண்டு இன்னும் நின்றன. மனுஷர் நேராக அங்கே போய், உருளை மாட்டிய துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் பேசினார். மாடுகளைப் பின்னுக்கு நடத்தி, சால் என்கிற பெரிய இறைப்புப் பாத்திரத்தைக் கிணற்றில் இறக்குவது, நிரம்பியதும் சரிவில் மாட்டை முன்னுக்கு ஓட்டி, பாரத்துக்காக வடத்தின் மேலேயே உட்கார்ந்து இறங்குவது, எத்தனை சால் ஆயிற்று என்று பாட்டாகவே எண்ணுவது. கல்லூரியில் படிக்கும் பேத்தி, "சால் மேலே வந்ததும் யார் கவிழ்ப்பாங்க?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் கவிழ்க்க வேண்டாம் என்று குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினாராம். சாலின் அடியில் தோலால் ஆன குழாய், அதுதான் தும்பி. வடம் மேல் உருளையில் ஓடும், தும்பியைப் பிடித்த சின்னக் கயிறு கீழ் உருளையில் ஓடும். கிணற்று விளிம்புக்கு வந்ததும் தும்பி வெளியே இழுபட்டு நீண்டு, தண்ணீர் தானாகக் கொட்டும். இந்தக் கிணறு அவர்கள் போட்ட திட்டத்திலேயே இல்லை. அவசரமாக அடுத்த இடத்துக்குக் காரை எடுத்திருந்தால் போயிருக்கும்.

அதனால் ஊருக்குள் நடக்கும்போது அப்பாவை முன்னால் விடுங்கள். நீங்கள் பின்னால் போங்கள். "அப்பா, இதுதானே உங்க ஸ்கூல்? ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். மறதி உள்ளவரிடம் "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியே கூடாது. இல்லை என்று சொல்ல நேர்ந்தால் கூனிக் குறுகிப் போவார்கள். "இங்க நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள், போதும். அவர் சொல்வதில் வருடம் தப்பும், பெயர் மாறும். விட்டுவிடுங்கள். 1989-ல் மாவட்டம் பிரிந்ததும், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போனதும் அவருக்குத் தேவையில்லை. வட ஆற்காடு ஜில்லா என்றுதான் சொல்வார். பையன் கூகுளைக் காட்டித் திருத்த வந்தால் நீங்கள்தான் கண்ணைக் காட்ட வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான ஒன்றுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். பழைய இடத்துக்குப் போனதும், குறிப்பாகச் சாயங்கால நேரத்தில், "ஆயா எங்கே, இன்னும் கழனியிலிருந்து வரலையா?" என்று தன் அம்மாவைத் தேடக்கூடும். உங்கள் அம்மாவையும் தேடலாம். "அவங்க செத்து எவ்வளவு வருஷம் ஆச்சுப்பா" என்று சொன்னால், அந்தச் சாவுச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பது மாதிரி இருக்கும். பொய்யும் சொல்ல வேண்டாம். "ஆயா நெனப்பு வந்துடுச்சா? ஆயா என்ன கொண்டுவருவாங்க கழனியிலிருந்து?" என்று பக்கத்தில் உட்காருங்கள். அவர் தேடுவது பதிலை அல்ல என்பது இரண்டு நிமிடத்தில் உங்களுக்கே புரியும். அவராகத் தெளிந்து, "போயிட்டாங்க இல்ல?" என்று கேட்டால், ஆமாம் என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சித்தப்பா வீடு. உங்கள் கடிதத்தில் ஏரிக்கும் பழைய வீட்டுக்கும் இடம் இருக்கிறது, சித்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த ஒரு வாரம் நன்றாக நடக்குமா என்பது சித்தியின் அடுப்படியில்தான் முடிவாகப் போகிறது. ஐந்து பேர், ஏழு நாள், மூன்று வேளை. சித்திக்கு இப்போது என்ன வயது, உடம்பு எப்படி இருக்கிறது, சமைப்பது அவரா மருமகளா, மருமகள் வேலைக்குப் போகிறவளா? இதெல்லாம் தெரியாமல் சித்தப்பாவிடம் மட்டும் போனில் கேட்டால், "வாங்க வாங்க, நம்ம வீடுதானே" என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும்? சித்தியிடம் தனியாகப் பேசுங்கள். "சித்தி, காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் நான் பார்த்துக்கறேன், மதியம் மட்டும் உங்க கையால" என்று சொல்லிப் பாருங்கள். குரல் மாறுவது உங்களுக்கே கேட்கும். அரிசி மூட்டை, எண்ணெய், மளிகைச் சாமான் எல்லாம் வேலூரிலேயே வாங்கி ஏற்றிக்கொண்டு போங்கள். பணமாகக் கொடுத்தால் சித்தப்பா வாங்க மாட்டார், கோபித்துக்கொள்வார். கிளம்பும் அன்று சித்திக்குப் புடவையோடு வைத்துக் கொடுப்பதைச் சித்தி வாங்கிக்கொள்வார்.

அடுத்தது நிலம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் எந்தக் கிராமத்து வீட்டிலும் இது இல்லாமல் இருக்காது. ஐம்பது வருடமாக ஒரு ராத்திரி தங்காத அண்ணன், மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? பாகம் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் பேசும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள், 2005-ல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. இது தெரியாத வீடு இன்று கிராமத்தில் கிடையாது. சித்தப்பா மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அதனால் கிளம்பும் முன்பே பேச்சோடு பேச்சாக, "அப்பாவுக்கு ஊரைக் காட்டத்தான் வர்றோம் சித்தப்பா, வேற எந்தப் பேச்சும் இல்ல" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். உங்களுக்குக் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், அது உங்கள் உரிமை. வேறொரு நாள் வந்து கேளுங்கள். இந்தப் பயணத்தில் பட்டா, சிட்டா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அப்பாவிடம் யாராவது எதிலாவது கையெழுத்துக் கேட்டாலும், "டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று சிரித்துக்கொண்டே தள்ளிப் போடுங்கள். மறதிநோய் என்று சீட்டு எழுதப்பட்டவரிடம் வாங்கும் கையெழுத்து வாங்கியவருக்கும் நாளைக்கு வம்புதான்.

உங்கள் கணவரிடம், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சும்மா சொன்னதில்லை. ஆனால் இரண்டு நாள் போதாது. முதல் நாள் முழுக்க வரவேற்பு, இரண்டாம் நாள் முழுக்க வழியனுப்புதல். மூன்றாம் நாள்தான் வீட்டுக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள், அப்பாவும் திண்ணையில் தானாகப் போய் உட்காருவார். அதனால் வாரத்தை உடையுங்கள். முதல் இரண்டு இரவு வேலூரில் லாட்ஜ். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்களால் அங்கே எல்லா விலையிலும் ரூம் கிடைக்கும், சக்கர நாற்காலி போகிற இடங்களும் உண்டு. அதன்பிறகு மூன்று இரவு சித்தப்பா வீடு. மீதி ஒன்றோ இரண்டோ மறுபடி லாட்ஜ் அல்லது அத்தை வீடு. கணவருக்கு லீவு இல்லையென்றால் கடைசியில் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

லாட்ஜில் இருக்கும் நாளில் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பையன் பாடத்தில் படித்திருப்பான், அவனுக்கு அது போதும். நான் சொல்வது அப்பாவுக்காக. அவர் ஊரை விட்டுக் கிளம்பிய காலத்தில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமியே கிடையாது. வேலூரைக் கிண்டல் செய்கிறவர்கள் தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அடுக்குவார்கள், அவரும் சொல்லியிருப்பார். 1981-ல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். ஊரில் எல்லாமே அழிந்துபோனது என்று நினைத்துக்கொண்டு வருகிற ஒருவருக்கு, அவர் காலத்தில் வெறுமையாக இருந்த கருவறையில் தீபம் எரிவதை முதலில் காட்டிவிட்டு அப்புறம் கிராமத்துக்குக் கூட்டிப் போவது நல்லது என்பது என் கணக்கு. பள்ளிகொண்டா வழியாகப் போகும்போது விரிஞ்சிபுரத்தில் இறங்கினால் நேரம் காட்டும் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஏலகிரி, அமிர்தி, தங்கக் கோயில் எல்லாவற்றையும் இந்த வாரத்திலேயே திணிக்காதீர்கள். அது வேறு டூர்.

அத்தைதான் இந்தப் பயணத்தின் முக்கியமான ஆள். 76 வயதுக்காரரை "டேய்" என்று கூப்பிட இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே மனுஷி. அத்தை வீட்டுக்கு நீங்கள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவதோடு முடிக்காதீர்கள். அவரை அழைத்து வந்து சித்தப்பா வீட்டில் அந்த மூன்று நாளும் கூட வைத்துக்கொள்ளுங்கள். சித்தியிடம் பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். பழைய வீடு இடிந்துபோனால் என்ன, அந்த வீட்டில் ஒரே பாயில் படுத்த மூன்று பேரும் இருக்கிறார்களே. அவர்கள் மூவரையும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் விட்டுவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள். அப்பா தப்பாகச் சொல்வதை அத்தை திருத்துவார். அத்தை திருத்தினால் அவருக்குக் கோபம் வராது.

பையனிடமிருந்து போனைப் பிடுங்க வேண்டாம். போனைக் கொண்டே வேலை கொடுங்கள். அத்தையையும் தாத்தாவையும் உட்கார வைத்து, 1965 வாக்கில் தெருவில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டு கிழங்களும் போடும் சண்டையை அவன் வீடியோ எடுக்கட்டும். பெண்ணைச் சித்தியிடம் விடுங்கள். களி கிண்டுவதை அவள் பார்த்திருக்க மாட்டாள். நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, பானை ஆடாமல் கவைக்கோலால் அண்டை கொடுத்து, துடுப்பால் கிண்டிக் கிண்டி, நனைத்த தட்டில் தள்ளி உருண்டை பிடிப்பதற்குள் சித்திக்கு வியர்த்துவிடும். தொட்டுக்கொள்ள முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. அந்தப் பக்கத்து இலவம்பாடிக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்வார்கள், ருசியும் அதற்குத் தகுந்ததுதான். கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்று யாராவது அப்பாவுக்கு மூன்றாவது உருண்டையை வைக்க வருவார்கள். ஏறும். ஒன்றோடு நிறுத்துங்கள்.

பயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது, கிணறு. அந்தப் பக்கம் வயல் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, பூச்சிப்பொட்டு. யாரும் தரையில் படுக்க வேண்டாம், கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். இருட்டினால் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மூன்றாவது, அப்பாவின் ராத்திரி. இதுதான் பலருக்குத் தெரியாதது. புது இடத்தில் நடுராத்திரி விழித்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்து நடப்பார். பழைய வீடு இருந்த பக்கம் கால் தானாகப் போகும், வழியில் கிணறு இருக்கும். அவருடைய தலையணை, போர்வையை அம்பத்தூரிலிருந்தே எடுத்துப் போங்கள். விடிவிளக்கு ஒன்று எரியட்டும். அதே அறையில் கதவை ஒட்டி நீங்களோ கணவரோ படுத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். கழிப்பறை எந்த மாதிரி என்று சித்தப்பா மகனிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். முழங்கால் வலிக்காரரால் குந்த முடியாது. மருந்துச் சாமான் கடைகளில் மடக்கும் கமோடு நாற்காலி கிடைக்கும், டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம். இது இல்லாத காரணத்தால் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு கிடந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் எல்லாம் சென்னையில் இருக்கும் நேரத்துக்கே நடக்கட்டும். கிளம்பும் முன் டாக்டரை ஒருமுறை பார்த்து, மருந்துச் சீட்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "நான் இங்கேயே இருந்துடறேன்" என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்வார். அனேகமாக ஐந்தாம் நாள் வாக்கில். உடனே "உங்களை யார் பார்த்துக்குவாங்க?" என்று சித்தி காதுபடக் கேட்காதீர்கள், இரண்டு பேருக்கும் சங்கடம். "அடுத்த மாசம் விட்டுடறேன்" என்று பொய்ச் சத்தியமும் வேண்டாம். இப்போதைய நிலைமையில் அவரை அங்கே தனியாக விடுவது சரியில்லை. இன்னும் ஒரு வருடத்தில் மறதி கூடும், வயதான சித்தப்பாவும் சித்தியும் அதைத் தாங்க மாட்டார்கள். "எனக்கும் போக மனசில்லப்பா" என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்காது. அடுத்து வரப்போகும் தேதியைச் சித்தப்பா வீட்டுக் காலண்டரிலேயே அவர் கையால் வட்டம் போடச் சொல்லுங்கள். அந்தப் படுகளத்து நாளாகவே இருக்கலாம். அம்பத்தூர் திரும்பியதும் முதல் பத்து நாள் கொஞ்சம் வாடித்தான் கிடப்பார், பயப்படாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், அத்தையோடு வீடியோ காலில் பேச வையுங்கள். அத்தைக்குக் காது மந்தமென்றால் பேரனிடம் சொல்லி இயர்போன் மாட்டிவிடச் சொல்லுங்கள். மாதம் ஒன்று ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கும் எழுதுங்கள்.